அவசர விற்பனை அல்ல

தம்பி,

தூரத்து முகங்களை எடுக்கும் என் டெலி லென்ஸ் இன்று, வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு விற்றுப்போய்விட்டது. விலை அறுபத்திரண்டாயிரம் ரூபாய். வங்கியிலிருந்து என் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தி முதல் ஆதாரம். அடுத்த நிமிடமே வாங்கியவர் போன் செய்து, "வந்துருச்சாக்கா?" என்று கேட்டது இரண்டாவது ஆதாரம். வாங்கியவர் கோரிப்பாளையத்தில் இருக்கும் ஷமீமா என்ற பெண். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். டவுன் கடைக்காரர் கேமரா பாடி, டெலி லென்ஸ், சின்ன லென்ஸ் மூன்றுக்கும் சேர்த்து எழுபதாயிரம் தருவதாகச் சொன்னபோது, "பேசாம வாங்கிக்கம்மா, இதுக்கு மேல எவனும் தரமாட்டான்" என்று நீ சொன்னாய். அந்த மூன்றில் ஒன்றுதான் இன்று போயிருக்கிறது. மற்ற இரண்டும் என் மேசைமேல் இருக்கின்றன.

இதை உனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பாததற்குக் காரணம் உண்டு. உன் அம்மாவான என்னைப் பற்றி நீ எழுதிய தவறான தகவல் பொதுவில் வெளிவந்தது. பழைய பொருள் விற்கும் ஆப்பில் நீ போட்ட அதை ஆயிரத்து நானூறு பேர் பார்த்ததாக அந்த ஆப்பே கணக்குச் சொல்கிறது. தவறு எந்த இடத்தில் வந்ததோ, அதற்குக் குறையாத இடத்தில் திருத்தமும் வர வேண்டும் என்பது நான் தொழிலில் நுழைந்த முதல் வாரம் கற்றுக்கொண்ட விதி. ஆகவே எங்கள் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் இன்று சாயங்காலத்துக்கு இடம் கேட்டேன். "என்னக்கா, வீட்டுச் சண்டையா?" என்றார் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் உதவி ஆசிரியர். "இல்லப்பா, திருத்தம்" என்றேன். அவர் இடம் ஒதுக்கிவிட்டார்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எஸ்தரோடு உனக்கு நிச்சயம் நடந்ததற்கு மறுநாள் காலை, சொந்தக்காரர்களின் பைகளைக் கூடத்திலிருந்து நகர்த்தும்போது என் கேமராப் பையையும் தூக்கினாய். தூக்கியதும் முகம் மாறியது. "எம்மா, இம்புட்டு வெயிட்டயா இன்னும் தூக்கிட்டுத் திரியுற?" என்று கேட்டாய். போன பொங்கலுக்கு மாடு அவிழ்த்துவிட்ட இடத்தில் கூட்டம் நெருக்கி, நான் விழுந்து, வலது தோளில் தசை கிழிந்தது உனக்குத் தெரியும். "டாக்டரே வேலைய விடச் சொல்லிட்டாருல்ல" என்று எஸ்தரின் அத்தை காதில் விழும்படி சொன்னாய். அந்த அம்மா அப்போது காபித் தம்ளரோடு வாசல் பக்கம் நின்றிருந்தார். மருத்துவர் எழுதிய சீட்டு இப்போதும் என் பர்ஸில் இருக்கிறது. தோளில் பாரம் மாட்ட வேண்டாம் என்பதுதான் அதில் உள்ள வாசகம். வேலையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. நீ சொன்னது உன் கருத்து. அதை மருத்துவர் வாயில் வைத்துவிட்டாய்.

"விக்கத்தான் போறேன்" என்று நான் பதில் சொன்னேன். அது பாதி வாக்கியம். மீதிப் பாதியைச் சம்பந்தி வீட்டு அம்மாவின் முன்னால் சொல்லத் தயங்கி விழுங்கிவிட்டேன். ஊரில் எத்தனையோ அதிகாரிகளிடம் கூச்சமில்லாமல் கேள்வி கேட்டவள், ஒரு தம்ளர் காபிக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டேன். இத்தனை குழப்பமும் அங்கிருந்துதான் தொடங்கியது. அது என் தவறு.

விழுங்கிய பாதி இதுதான். கனமான கேமராவை விற்று, அதில் பாதி எடையுள்ள புதிய கேமரா ஒன்று வாங்கப் போகிறேன். லென்சோடு சேர்த்து ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். உன் கல்யாணத்துக்கு வைத்திருப்பதைத் தொடமாட்டேன். உன் அப்பாவின் வாத்தியார் பென்ஷனையும் தொடமாட்டேன். பழையது தன் விலையைக் கொண்டுவந்தால்தான் புதியது. கொண்டுவராவிட்டால் ஆபீசில் சொல்கிற மாதிரி, "போன்லயே எடுத்து அனுப்புங்கக்கா" கதைதான். போன் கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போலீஸ் கயிறு கட்டி நாற்பதடிக்கு அப்பால் நிறுத்தும்போது, கயிற்றுக்கு உள்ளே உட்கார்ந்து அழுகிறவரின் முகத்தை அது கொண்டுவராது. புள்ளியைத்தான் கொண்டுவரும். முகமில்லாத படத்தை நாலு முறை அனுப்பினால் ஐந்தாவது முறை என்னைக் கூப்பிடமாட்டார்கள். அதை ஓய்வு என்று யாரும் அறிவிக்கமாட்டார்கள், போன் வருவது நின்றுபோகும், அவ்வளவுதான். ஆகவே நான் கேட்கிற விலை பேராசை இல்லை. அடுத்த வேலைக்கு நான் போவதா இல்லையா என்பதே அந்த விலையில்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் மாட்டுத்தாவணியில் உன் பஸ் கிளம்பும்வரை இருந்த இருபது நிமிடத்தில், என் போனை வாங்கி நீயே விளம்பரம் போட்டாய். அதை அப்படியே தருகிறேன்: "அவசர விற்பனை. ரிட்டயர்டு லேடி ஓனர். வீட்டு உபயோகம் மட்டும். புதுசு மாதிரி கண்டிஷன். மூணும் சேத்து எம்பத்தஞ்சாயிரம், விலை பேசலாம்." இதில் சரியானது லேடி ஓனர் ஒன்றுதான். நான் ஓய்வு பெறவில்லை. வீட்டில் அந்தக் கேமராவால் எடுத்த படங்கள் உன் பிறந்தநாள் சிலதும் அப்பாவின் பணிநிறைவு விழாவும்தான். மற்றபடி அதன் ஷட்டர் இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் முறை திறந்து மூடியது வாக்குச்சாவடி வரிசையிலும், பிணவறை வாசலிலும், தண்ணீர் வராத தெருக்களிலும். நீ படித்துக் காட்டினாய். எனக்கு உறுத்தியது. "என்னடா, அவசரம்னு போட்டுருக்க?" என்றேன். "சின்ன விஷயம்மா, எல்லாரும் இப்பிடித்தான் போடுவாங்க. அப்பத்தான் தொறந்து பாப்பாங்க" என்றாய். நடத்துநர் விசில் அடித்தார். நானும் விட்டுவிட்டேன்.

திறந்து பார்த்தார்கள், நீ சொன்னது சரிதான். வீட்டுக்குத் திரும்புவதற்குள் பதினேழு செய்திகள். "ப்ரோ லாஸ்ட் எம்புட்டு?" என்று கேட்டவரிடம் நான் ப்ரோ இல்லை என்றேன். "சரி ப்ரோ, லாஸ்ட் எம்புட்டு?" என்றார். இன்னொருவர், "ஆன்ட்டி, வீட்டுக்காரர் கேமராவா? அவரு இல்லையா இப்ப?" என்று இரங்கல் தொனியில் கேட்டார். உன் அப்பா அப்போது எதிரில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். காட்டினேன். "நான் போய்ச் சேந்துட்டதாப் போட்டா இன்னும் அஞ்சாயிரம் குறைச்சுக் கேப்பான், பாத்துக்க" என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னதுதான் நடப்பு. ஆப்பில் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் காரணத்தையும் வெளிப்படையாக எழுதினார்: "மேடம், அவசரம்னு நீங்களே போட்டுருக்கீங்க. நாப்பது, கையில காசு. இப்பவே வாரேன்."

அந்தச் சொல் ஏன் என்னைச் சுடுகிறது என்று உனக்கு நான் சொன்னதில்லை. என் அப்பா சோழவந்தான் பக்கம் அடுத்தவர் வயலில் அறுப்பறுத்தவர். எங்களிடம் நிலம் இல்லை. விற்கத் தகுந்தது என்றால் இரண்டு மூன்று ஆடுகள். பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் ஒன்றைச் சந்தைக்கு ஓட்டிப் போவார், நானும் கூடப் போவேன். வியாபாரி ஆட்டின் பல்லைப் பார்க்கமாட்டான், முதுகை அமுக்கிப் பார்க்கமாட்டான். முதலில் அப்பாவின் முகத்தைப் பார்ப்பான். "என்ன மாமா, என்ன அவசரம்?" என்பான். அப்பா உண்மையைச் சொல்லிவிடுவார்: "புள்ளைக்கி நாளைக்கிப் பீசு கட்டணும்யா." அதோடு ஆட்டின் விலை முடிந்துவிடும். பிறகு துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுவதெல்லாம் சடங்கு. ஒவ்வொரு வருடமும் நல்ல ஆட்டை நோஞ்சான் ஆட்டின் விலைக்கு விற்றோம். குறை ஆட்டில் இல்லை, எங்கள் அவசரத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் எதையும் நிதானமாக உட்கார்ந்து விற்றதே இல்லை. அப்படி விற்கப்போகிற முதல் ஆள் நான். அந்த விளம்பரத்தின் தலையில் நீ அந்தச் சொல்லையே கொண்டுபோய் வைத்தாய்.

ஆனால் உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. "சின்ன விஷயம், எல்லாரும் இப்படித்தான்" என்ற வாக்கியம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாள் யோசித்தேன். என்னிடமிருந்துதான் வந்தது. நீ நாலாம் வகுப்பு படித்தபோது ஒரு மழை. ஊரெல்லாம் தண்ணீர். மாணவர்கள் தண்ணீரில் நடந்து பள்ளிக்குப் போகிற படம் வேண்டும் என்று ஆபீசில் கேட்டார்கள். பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள், ஆகையால் தெருவில் மாணவர்கள் இல்லை. நான் உனக்குச் சீருடை மாட்டி, பையை முதுகில் போட்டு, தெருமுனைத் தண்ணீரில் மூன்று முறை நடக்கவிட்டேன். "எம்மா, இன்னைக்கி லீவுதானம்மா?" என்று நீ கேட்டாய். மூன்றாவது முறை கால் தடுக்கி, பை நனைந்து, நீ முகம் சுளித்த அந்த நொடியில் படம் அமைந்தது. மறுநாள் பெரிதாக வந்தது. "முழங்கால் அளவு நீரில் பள்ளிக்குச் சென்ற மாணவன்" என்று நானே கீழே எழுதியிருந்தேன்.

பள்ளி திறந்ததும் உன் வகுப்பு ஆசிரியர் அந்தப் பக்கத்தைப் பலகையில் ஒட்டி, "லீவு நாள்லயும் ஸ்கூலுக்கு வந்த ஒரே ஆளு நம்ம சார்தான்" என்று சிரித்தார். அந்த வருடம் முடியும்வரை உனக்கு "லீவு நாள் சார்" என்றே பட்டப்பெயர். நீ அழுதுகொண்டு வந்து, அது பொய் என்று பேப்பரில் போடச் சொன்னாய். திருத்தம் என்ற சொல் உனக்குத் தெரியாது. ஆனால் கேட்டது அதைத்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சின்ன விஷயம்டா, யாரு இதெல்லாம் ஞாபகம் வச்சுக்கப் போறா." வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு. அதை உன்னிடம் சொல்லாமல், உன் அழுகையைச் சின்ன விஷயம் ஆக்கினேன். இப்போது போடுகிறேன்: அந்தப் படத்தில் இருந்தவன் பள்ளிக்குப் போகவில்லை. அன்று பள்ளி இல்லை. அவனை நடக்கவிட்டவள் நான். படமும் அதன் கீழிருந்த வாசகமும் பொய். தாமதத்துக்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு உன் விளம்பரத்தை அழித்துவிட்டு நானே எழுதினேன். செய்தி எழுதுவதுபோல எழுதினேன், எனக்கு வேறு விதமாக எழுத வராது. முதல் வரி: "அவசரம் இல்லை." அடுத்து, பொருள் யாருடையது, என்ன வேலை பார்த்தது, எத்தனை வருடம். பிறகு குறைகள். டெலி லென்சுக்குள் லேசான மங்கல் இருக்கிறது. எதிரிலிருந்து வெளிச்சம் நேராக விழுந்தால் தெரியும். அதற்குக் காரணம் நான். பூச்சி வரக்கூடாது என்று பட்டுப்புடவைக்குப் போடுகிற பாச்சை உருண்டையை லென்ஸ் இருந்த பீரோவிலும் போட்டுவைத்தேன். அதன் ஆவி கண்ணாடியில் படிந்துவிட்டது. ஜூம் வளையத்தைத் திருப்பினால் ஓரிடத்தில் நறநறக்கும். அதற்கும் காரணம் நான். அழகர் ஆற்றில் இறங்கிய ஒரு வருடம், தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் சாமிக்குப் பீய்ச்சியது என்மேல் விழுந்தது. வீட்டுக்கு வந்து ஈரம் இழுக்கட்டும் என்று லென்சை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். ஈரம் போனது, தவிடு உள்ளே போனது. முன்மூடி விரிசல் விட்டுக் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறது. டார்ச் அடித்து மங்கலைப் படம் எடுத்துப் போட்டேன். மங்கல் தெரியும்படி எதிர்வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்று, தெரியாதபடி எடுத்தது ஒன்று. மூன்றையும் ஒரே விலையில் சேர்க்காமல் பிரித்தேன். டெலி லென்ஸ் அறுபத்தைந்தாயிரம். பாடியும் சின்ன லென்சும் ஐம்பத்தெட்டாயிரம். இது குறைகளைக் கழித்த விலை என்று கடைசி வரி.

உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "விக்கிறதுக்குப் போட்டிருக்கியா, கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதியிருக்கியா?" என்றார். நீ பெங்களூரிலிருந்து கூப்பிட்டாய். கோபம். "யாராச்சும் தன் பொருளுக்குத் தானே குத்தம் சொல்லி விப்பாகளாம்மா? அதுலயும் விலைய ஏத்திவேற வச்சிருக்க! சிரிக்கப் போறாங்க." சிரித்தார்கள் என்பதும் உண்மைதான். ஒருவர் சிரிப்புப் பொம்மைகள் மட்டும் பதினொன்று அனுப்பினார். சமயநல்லூரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் லென்சுக்குப் பேசிக்கொண்டிருந்தார். புது விளம்பரத்தைப் பார்த்ததும், "அக்கா, நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் வாங்கியிருப்பேன்" என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு விலகினார். அதன் பிறகு ஆறு நாள் ஒரு செய்தியும் வரவில்லை. அந்த ஆறு நாளில் நான் ஆடிப்போகவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஐந்தாம் நாள் விலையைக் குறைக்க ஆப்பில் விலைப் பெட்டியைத் திறந்தேன். விலையை அழித்தேன், திரும்ப அதையே எழுதினேன், மூடினேன்.

ஏழாம் நாள் ஷமீமாவின் செய்தி வந்தது. வணக்கம் இல்லை, லாஸ்ட் இல்லை. "மங்கல் லென்ஸ முழுசாத் தொறந்தா மட்டுமா, கொஞ்சம் மூடினாலும் தெரியுதா?" இத்தனை பேரில் பொருளைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுதான். வெளிச்சம் புகும் துளையை முழுசாகத் திறக்கும்போது அதிகம், மூட மூடக் குறையும் என்று பதில் எழுதினேன். அவர் நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பவர். அந்தப் பக்கம் ஆண் கேமராக்காரர் போக முடியாது. கண்ணில் ஃபிளாஷ் அடிப்பதும் அவர்களுக்குப் பிடிக்காது. ஒதுங்கி நின்று, இருக்கிற வெளிச்சத்தில் தூரத்திலிருந்து எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் கார்டைக் கழற்றி மணப்பெண்ணின் அம்மா கையில் கொடுத்துவிட்டு வருவாராம், ஒரு படமும் தன்னிடம் வைத்துக்கொள்ள மாட்டாராம். "லென்ஸப் பாக்க வீட்டுக்கு வரவா?" என்று அவர் கேட்கவில்லை. "வெளிச்சத்துல எல்லா லென்சும் நல்லாத்தான்க்கா இருக்கும். நீங்க எங்க ஹாலுக்கு வாங்க" என்றார்.

நேற்று மதியம் போனேன். கோரிப்பாளையத்தில் ஒரு மாடி, நிக்காஹ் நடக்கும் சின்ன ஹால். திரைகளை இழுத்து மூடி, ஒரே ஒரு விளக்குச் சரத்தைப் போட்டார். கூட அவர் அண்ணன், பெயர் ஜாபர், டயர் கடை வைத்திருப்பவர். விலை பேச அவர், லென்ஸ் பார்க்க இவர் என்று பிரித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஷமீமா ஹாலின் ஒரு கோடியில் நின்று, அண்ணனை மறு கோடியில் மேடையில் உட்காரவைத்தார். "அண்ணே, பொண்ணு மாதிரி தலையக் குனி."

"ஏய், மீசையோட ஒரு பொண்ணா?"

"குனிண்ணே, அக்கா காத்திருக்காகல்ல!"

குனிந்தார். நாற்பது படம் இருக்கும். விளக்குச் சரம் அவர் தலைக்குப் பின்னால் வரும்படி நகர்ந்து எடுத்தபோது ஷமீமா நிறுத்தினார். "இங்க மங்குதுக்கா."

"எழுதியிருக்கேனேம்மா."

"எழுதியிருக்கீக. எழுதுனதவிடக் கம்மியாத்தான் இருக்கு."

மேடையிலிருந்து ஜாபர் கத்தினார். "யா அல்லா! விலை பேசுறதுக்கு முன்னாடி யாராச்சும் அப்பிடிச் சொல்வாகளா? ஒன்னக் கூட்டிட்டு வந்தேன் பாரு!" பிறகு எழுந்து வந்து என்னிடம், "அக்கா, கொறை இருக்குனு நீங்களே எழுத்துல குடுத்துட்டீக. பின்ன எப்பிடி அறுபத்தஞ்சு? அம்பது வச்சுக்கங்க" என்றார். குறையைக் கழித்த பிறகுதான் அறுபத்தைந்து என்றேன். "மதினிகிட்டப் பேசுற மாதிரி நெனச்சு ஒரு அம்பத்தஞ்சு" என்றார். மதினியிடமும் இதே விலைதான் என்றேன். ஷமீமா ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். சென்னையில் கழற்றிச் சுத்தம் செய்ய மூவாயிரம் ஆகும், அதை மட்டும் குறையுங்கள் என்றார். அது நியாயம். நான் கழித்திருந்தது என் ஊகத்தை, அவர் சொன்னது விசாரித்த தொகை. அறுபத்திரண்டு என்றேன். ஜாபர் தலையில் கை வைத்துக்கொண்டு படியிறங்கினார். கீழே போய் எனக்கும் சேர்த்து டீ சொல்லியிருந்தார்.

அந்த டீயைக் குடிக்கும்போது எனக்குப் பட்டதை உனக்குச் சொல்கிறேன். உனக்கு மட்டும் இல்லை, வீட்டில் சும்மா கிடக்கும் கேமராவையோ லென்சையோ விற்க நினைக்கிற எவருக்கும். தெரிந்த குறைக்கு மூவாயிரம்தான் விலை. தெரியாத குறைக்கு வாங்குகிறவர் தன் பயத்தைத்தான் கழிப்பார், அதற்கு எல்லை கிடையாது. "புதுசு மாதிரி" என்ற உன் வாசகத்தைப் பார்த்தவர்கள் உள்ளே என்ன இருக்குமோ என்று பயந்து பாதி விலை கேட்டார்கள். உண்மை சொன்னால் உடனே விலை வந்துவிடும் என்று நான் உனக்குப் பாடம் எடுக்கவில்லை. சமயநல்லூர்க்காரர் போனார், ஆறு நாள் போனது. வராமலே போயிருக்கலாம். வராவிட்டாலும் அந்த விளம்பரத்தை மாற்றியிருக்க மாட்டேன்.

இன்று மதியம் நீ கூப்பிட்டாய். "சூப்பர்மா! நீ கெட்டிக்காரி. மிச்சத்தையும் தள்ளிவிட்டுட்டு இனிமே நிம்மதியா இரு" என்றாய். அப்போதுதான் விழுங்கிவைத்திருந்த பாதி வாக்கியத்தைச் சொன்னேன். புது கேமரா. நீ, "எஸ்தர் வீட்டுல நான் என்னம்மா சொல்லுவேன்? அம்மா ரெஸ்ட் எடுக்கறாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே" என்றாய். சொன்னது தவறு என்று சொல். அதில் கூச்சம் என்ன இருக்கிறது? எனக்கு ஐம்பத்தெட்டு வயது. வலது தோள் சரியில்லை, இடது தோள் நன்றாக இருக்கிறது. கண் தெரிகிறது, கேள்வி கேட்க வாய் இருக்கிறது. சம்பந்தி வீட்டு அத்தைக்காக இவற்றில் எதையும் நான் பீரோவில் வைத்துப் பூட்டமாட்டேன். அவர் என்னிடம் நேரில் கேட்டால், காபி கொடுத்து உட்காரவைத்து முழு வாக்கியமாகச் சொல்வேன்.

இன்னொன்று. போன ஞாயிறு சர்ச்சில் உங்கள் முதல் ஓலையை வாசித்தார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு ஊரறிய வாசிக்கிறார்கள். மறுப்புச் சொல்ல அத்தனை பேருக்கும் மூன்று வாரம் தருகிறார்கள். நீ என்னைப் பற்றி ரிட்டயர்டு என்று எழுதியதை மறுக்க எனக்கு ஒரு பஸ் கிளம்பும் நேரம்தான் தந்தாய். என்மேல் உள்ள அக்கறையில்தான் எழுதினாய், எனக்குத் தெரியும். எஸ்தர்மேலும் உனக்கு அக்கறை இருக்கும். அதனால்தான் சொல்கிறேன். அவள் வேலைக்குப் போவாளா, எந்த ஊரில் இருப்பாள், எதை விடுவாள், எதை வைத்துக்கொள்வாள் என்று அவளைக் கேட்காமல் ஒரு வரியும் யாரிடமும் சொல்லாதே. நல்லதாகவே இருந்தாலும் சொல்லாதே. ஒரு பெண்ணைப் பற்றிய வாசகத்தை அவளுக்கு முன்னால் வேறொருவர் எழுதிவிட்டால், அதைத் திருத்த அவளுக்கு எத்தனை நாள் ஆகும் என்று இந்த மூன்று வாரத்தில் எண்ணிப் பார்த்துவிட்டேன். எங்கள் இருவருக்கும் உன்மேல் பாசம் இருப்பதால் நாங்கள் உடனே மறுக்கவும் மாட்டோம். அதுதான் ஆபத்து.

இனி, உறுதியாகாதவை. பாடியும் சின்ன லென்சும் விற்கவில்லை. லென்ஸ் வேண்டாம் என்று போன அதே சமயநல்லூர் ஸ்டூடியோக்காரர், ஷமீமா வாங்கியது எப்படியோ தெரிந்து, மற்ற இரண்டையும் பார்க்க வருவதாக ஒரு மணி நேரத்துக்கு முன் கூப்பிட்டார். நாற்பத்தைந்து என்று ஆரம்பித்தார். ஐம்பத்தாறுக்குக் கீழே இறங்கினால் எனக்குப் புது கேமரா இல்லை, ஆகையால் இறங்கமாட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன், அவர் படித்தால் படிக்கட்டும். சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு வருகிறார். புது கேமரா விற்கிற கடைக்காரர் அதை எனக்காகச் சனிக்கிழமை கடை அடைக்கும்வரை எடுத்துவைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் கல்யாணத்தன்று நான் கேமரா தொடமாட்டேன். முன்வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருப்பேன், யார் படம் எடுத்தாலும் சிரிப்பேன். மறுநாள் காலை பத்து மணிக்குச் சோழவந்தானில், காற்றில் கொடிக்கால் சாய்ந்துபோன வெற்றிலை விவசாயிகள் கூட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்கு நான் போகிறேன், ஆபீசில் சொல்லியாகிவிட்டது. மறுவீட்டு விருந்து மதியம்தான், அதற்குள் வந்துவிடுவேன். எஸ்தரின் அத்தையிடம் இதையும் சொல். எந்தக் கேமராவோடு போவேன் என்பது இன்னும் தெரியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தெரியும்.

அம்மா